பசைத் துளியும் ஒரு சேதி

தாம்பரம் ரயில் நிலையத்தின் நடைமேடைப் பெஞ்சு ஒன்றில், மதியக் கூட்டம் வடிந்திருந்த நேரத்தில், நான் செய்துகொண்டு போயிருந்த அட்டைக் கருவியை முதன்முதலாக ஒருவர் கையில் கொடுத்தேன். அவர் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில்களில் பேனா, சீப்பு, அடையாள அட்டை உறை முதலியவற்றை விற்பவர். ஐம்பது வயதை நெருங்குபவர். பார்வை முற்றிலும் இல்லாதவர். கட்டைவிரலால் அட்டையின் மேல்விளிம்பை ஒருமுறை வருடிப் பார்த்தவர், நான் எதிர்பாராத ஓரிடத்தில் விரலை நிறுத்தினார். “தம்பி, இங்க ஒரு புள்ளி இருக்கே, இது அம்பதா, நூறா?” என்று கேட்டார். அந்த இடத்தில் நான் எந்தப் புள்ளியும் வைக்கவில்லை. இரண்டு அட்டைகளைச் சேர்த்து ஒட்டியபோது பிதுங்கிக் காய்ந்துபோன ஃபெவிகால் துளி அது.

நான் ஒரு வடிவமைப்பாளன். இறுதிப் பொருளுக்கு முன் செய்து பார்க்கும் சோதனை வடிவத்தை முன்மாதிரி என்போம். எனக்கு அதுவரை தெரிந்திருந்த முன்மாதிரிக் கலை முழுவதும் ஓர் உடன்பாட்டின்மேல் நிற்பது. தாளில் ஒரு கட்டம் வரைந்து “இதைப் பொத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்” என்றால், எதிரில் இருப்பவர் அப்படியே வைத்துக்கொள்வார். கோடு கோணலாக இருப்பதையும், மூலையில் தேநீர்க் கறை படிந்திருப்பதையும், செல்லோடேப் பிரிந்து நிற்பதையும் அவர் கண் பார்க்கும். ஆனால் அவை பொருளற்றவை என்று அதே கணத்தில் ஒதுக்கியும்விடும். முன்மாதிரி கரடுமுரடாக இருந்தால்தான் மக்கள் தயங்காமல் குறை சொல்வார்கள் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், அது உண்மையும்கூட. ஆனால் அந்தப் பாடம், கரடுமுரடு எது, கருத்து எது என்று ஒரே பார்வையில் பிரித்தறியும் கண்ணை முன்வைத்து எழுதப்பட்டது என்பதை நான் அந்தப் பெஞ்சில்தான் உணர்ந்தேன். விரல் ஒவ்வொன்றாகச் சந்திக்கிறது. சந்திக்கும் எதையும் வேண்டுமென்றே வைக்கப்பட்ட ஒன்றாகத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறது.

அந்தக் கருவி எதற்காக என்பதைச் சொல்ல வேண்டும். ரூபாய் நோட்டுகளைத் தடவி அறிவதற்கு நம் நாட்டில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, நோட்டின் அளவு. 2016-க்கு முந்தைய மகாத்மா காந்தி வரிசையில் 50 ரூபாய் நோட்டு 147 மி.மீ. நீளம், 100 ரூபாய் 157, 500 ரூபாய் 167. ஒன்றுக்கொன்று ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம், ஆள்காட்டி விரலின் நுனி அகலம் ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். புதிய வரிசையில் நோட்டுகள் சுருங்கின. இப்போது 100 ரூபாய் 142 மி.மீ., 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. மூன்றுக்கும் அகலம் ஒன்றே, 66 மி.மீ. வித்தியாசம் 4 மி.மீ. மட்டுமே. இரண்டாவது வழி, புடைத்த அச்சில் இடப்படும் அடையாளம். 100-க்கு முக்கோணமும் ஓரத்தில் 4 சாய்கோடுகளும், 500-க்கு வட்டமும் 5 சாய்கோடுகளும் உண்டு. புத்தம்புது நோட்டில் இவை விரலுக்குத் தெரியும். காய்கறிச் சந்தையிலும் பேருந்திலும் பல மாதம் சுற்றிவந்த நோட்டில் மழுங்கிவிடும். மேலும், புதிய வரிசையில் இந்தப் புடைப்பு அடையாளங்கள் 100 ரூபாயிலிருந்துதான் தொடங்குகின்றன. பழைய வரிசையில் 20 ரூபாயில் செவ்வகமும் 50 ரூபாயில் சதுரமும் இருந்தன, இப்போது இல்லை. ரயிலில் 10 ரூபாய்க்குப் பேனா விற்பவர் கையில் நாள் முழுவதும் புரள்வது 10, 20, 50 ஆகிய அந்த மூன்று நோட்டுகளே.

2020 ஜனவரி 1 அன்று ரிசர்வ் வங்கி ‘மணி’ என்ற கைப்பேசிச் செயலியை வெளியிட்டது. கேமராவின் முன் நோட்டைக் காட்டினால் மதிப்பைச் சொல்லும். இணைய இணைப்பும் தேவையில்லை. வீட்டில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவருக்கு அது நல்ல கருவி. ஓடும் ரயிலில் ஒரு கையில் சரக்கும் மறு கையில் கோலும் வைத்திருப்பவருக்கு மூன்றாவது கை வேண்டும். ஆகவே அவர்கள் வேறு ஏற்பாடுகளில் வாழ்கிறார்கள்: வாங்குபவரிடமே “எவ்வளவு நோட்டு?” என்று கேட்பது, சொன்னதை நம்பி 10-ஐச் சட்டைப்பையிலும் 20-ஐக் கால்சட்டைப் பையிலும் பிரித்துப் போடுவது, 50-ஐ நீளவாக்கில் மடிப்பது. பொய் சொல்பவர்கள் அபூர்வம் என்று நான் பேசியவர்கள் எல்லோரும் சொன்னார்கள். தவறாகச் சொல்பவர்கள், அதாவது பார்க்காமலேயே சொல்பவர்கள், அதிகம் என்றும் சொன்னார்கள்.

நான் செய்துபோனது, இடது ஓரத்தில் ஒரு தடுப்பும் மேல்விளிம்பில் வெட்டுகளும் உள்ள நீண்ட அட்டை. நோட்டின் ஒரு முனையைத் தடுப்பில் முட்டவைத்து நீட்டினால், மறுமுனை எந்த வெட்டில் முடிகிறதோ அதுவே அதன் மதிப்பு. 123 மி.மீ.யில் 10 ரூபாய், 129-ல் 20, 135-ல் 50, 142-ல் 100 என்று போகும். கணக்கு சரி. ஆனால் கணக்கைத் தவிர அந்த அட்டையில் இருந்த அத்தனையும் பேசின. உள்ளே அலையலையாக மடிந்த நெளியட்டையின் உள்வரிகள் விரலுக்குச் சாய்கோடுகளாகத் தோன்றின. டேப்பின் ஓரம் ஒரு எல்லையாகப் பட்டது. பென்சிலால் அழுத்திக் கோடு போட்ட இடங்கள், என் கண்ணுக்கு அழிந்துபோனவை, அவருக்குப் பள்ளங்களாக இருந்தன. நான் அக்கறையோடு செதுக்கிய வெட்டுகளோ, அட்டை நுனி பிசிறியதால், ஒன்றுபோல் இல்லை. அடுத்த அரை மணி நேரம் நாங்கள் ரூபாய் நோட்டைப் பற்றிப் பேசவேயில்லை. என் கைவேலையின் குறைகளைத்தான் அவர் ஒவ்வொன்றாகப் பொருள் கேட்டுக்கொண்டிருந்தார்.

இதன்பின் நான் எனக்கென்று ஒரு வழக்கத்தை வகுத்துக்கொண்டேன். யாருக்காகச் செய்கிறோமோ அவர் எந்தப் புலனால் அந்தப் பொருளைச் சந்திக்கப்போகிறாரோ, அந்தப் புலனுக்கு முன்மாதிரி முடிந்த பொருளாக இருக்க வேண்டும். மற்றப் புலன்களுக்கு எவ்வளவு அரைகுறையாக இருந்தாலும் பாதகமில்லை. மேசையில் பார்க்க அருவருப்பாக, மூன்று நிறத்தில், பாதி எழுத்து தெரிய இருக்கும் ஒரு துண்டு, விரலுக்கு வழவழப்பாகவும் துல்லியமாகவும் இருக்கலாம். அதற்கு எதிர்மாறானதைத்தான் வடிவமைப்பாளர்கள் வழக்கமாகச் செய்கிறோம், ஏனென்றால் கூட்டத்தில் அதைப் பார்த்து ஒப்புதல் தருபவர்கள் கண்ணுள்ளவர்கள்.

இந்தத் தடுமாற்றம் இருநூறு ஆண்டுப் பழையது. பாரிஸில் வலாந்தின் ஆவுய் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளியில், சாதாரண லத்தீன் எழுத்துகளையே தாளில் புடைக்க வைத்துப் புத்தகம் செய்தார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு அவை அழகான எழுத்துகள். விரலுக்கோ ஒவ்வொரு எழுத்தையும் சுற்றிவந்து கண்டுபிடிக்க வேண்டிய வேலி. 1821-ல் சார்ல் பார்பியே என்ற முன்னாள் படை அதிகாரி, புள்ளிகளால் ஆன வேறொரு முறையை அங்கே கொண்டுவந்தார். நிரலுக்கு 6 என்று இரண்டு நிரலில் 12 புள்ளிகள் வரை. எழுத்தை அல்லாமல் ஒலியைக் குறிப்பவை. அப்போது அந்தப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த லூயி பிரெய்லுக்கு வயது 12. பார்பியேயின் முறையை ஒரு முன்மாதிரியாகப் பார்த்தால் அதன் சிறப்பும் குறையும் ஒருங்கே தெரிகின்றன. புள்ளி என்ற கருத்து சரி. ஆனால் 6 புள்ளி உயரம் ஒரு விரல் நுனிக்குள் அடங்காது; விரல் மேலும் கீழும் அலைய வேண்டும், அலைந்தால் வரி தவறும். எழுத்துக்கூட்டலோ நிறுத்தக்குறியோ எண்ணோ அதில் இல்லை. பிரெய்ல் உயரத்தை 3 புள்ளியாகப் பாதியாக்கி, மொத்தம் 6 புள்ளிக்குக் கொண்டுவந்தார். 1824-ல், 15 வயதில், அடிப்படை அமைப்பு கைகூடிவிட்டது. இன்று உலகெங்கும் அச்சாகும் பிரெய்லில் ஓர் எழுத்துக்குரிய கட்டத்துக்குள் புள்ளிக்குப் புள்ளி சுமார் 2.5 மி.மீ. இடைவெளி, முழுக் கட்டமும் ஒரே தொடுகையில் அடங்குகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, பாடநூல்களில் அதிகம் வராதது. 1829-ல் பிரெய்ல் தன் முறையை விளக்கி வெளியிட்ட நூலின் முதல் பதிப்பில் புள்ளிகளோடு சிறு கோடுகளும் இருந்தன. 1837-ல் வந்த இரண்டாம் பதிப்பில் கோடுகளைக் காணோம். இடைப்பட்ட எட்டு ஆண்டுகள் அந்தப் பள்ளியின் மாணவர்கள் அதை எழுதியும் படித்தும் பார்த்த காலம். தன் முன்மாதிரியைத் தானே பயன்படுத்துபவனும், தன்னைப் போன்றவர்கள் சூழ ஒரே கூரையின்கீழ் வாழ்பவனுமான ஒருவன் செய்த திருத்தம் அது. பள்ளி நிர்வாகம் அந்த முறையை அதிகாரபூர்வமாக ஏற்றது 1854-ல். பிரெய்ல் இறந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு. நம் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெய்ல் 1951-ல்தான் நிலைபெற்றது. தமிழின் ‘ழ’வும் ‘ற’வும் அதே 6 புள்ளிக்குள் இடம்பிடித்திருக்கின்றன.

என் அட்டைக்குத் திரும்புகிறேன். 155 மி.மீ. நீளமுள்ள ஒன்று எந்தச் சட்டைப்பைக்குள்ளும் போகாது என்ற எளிய உண்மையை, கருவியைக் கையில் வாங்கிய இரண்டாவது நபர் சொன்னார். எனவே நோட்டைப் பாதியாக மடித்து அளக்கும் சிறிய வடிவத்தைச் செய்தேன். பாதியாக மடித்தால் வித்தியாசமும் பாதியாகிவிடும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. 100-க்கும் 200-க்கும் இடையே 2 மி.மீ.தான் மிஞ்சியது. பிரெய்ல் படித்துப் பழகிய விரலுக்கே அது எல்லையில் இருப்பது. நடுவயதில் பார்வை இழந்து பிரெய்ல் கற்காதவர்களுக்கு எட்டாதது. இந்த முட்டுச்சந்தில் மூன்று வாரம் நின்றேன். அதிலிருந்து வெளியே வந்தது என் யோசனையால் அல்ல. குரோம்பேட்டையில் ஏறும் ஓர் அக்கா, கணவரைப் போலவே அவரும் பார்வையற்றவர், என் விளக்கத்தை முழுதாகக் கேட்காமலேயே நோட்டின் ஒரு முனையை அட்டையின் பின்பக்கம் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மீதியை முன்பக்கம் சுற்றிக் கொண்டுவந்தார். “சரிபாதியா மடிக்கணும்னு யாரு சொன்னது?” என்றார். யாரும் சொல்லவில்லை. பின்பக்கம் எல்லா நோட்டுக்கும் ஒரே அளவாக 60 மி.மீ. போய்விட்டால், முன்பக்கம் எஞ்சுவதில் முழு வித்தியாசமும் அப்படியே இருக்கும்; 10-க்கும் 20-க்கும் 6 மி.மீ., 100-க்கும் 200-க்கும் 4 மி.மீ. கருவியின் நீளமோ 155-லிருந்து 92 மி.மீ.க்கு வந்துவிட்டது. பின்பக்கத்தில் 60 மி.மீ. தூரத்தில் ஒரு சிறு தடுப்பு மட்டும் போதும்.

அடுத்து நடந்தது என் தவறு. அட்டை வியர்வையில் ஊறிப் போகிறது என்று 3 மி.மீ. அக்ரிலிக் தகட்டில் லேசர் வெட்டிக் கொண்டுபோனேன். நோட்டு சுற்றிவரும்போது தகட்டின் தடிமனையும் தாண்ட வேண்டும், 2 மி.மீ. அட்டைக்குக் கணக்கிட்ட வெட்டுகளை அப்படியே 3 மி.மீ. தகட்டுக்கு வைத்ததால், எல்லா நோட்டும் ஒரு மி.மீ. குட்டையாகின. கசங்கிய நோட்டு தன் பங்குக்கு ஒன்றிரண்டு மி.மீ. சுருங்கியிருக்கும். இரண்டும் சேர்ந்தபோது 500 ரூபாய் 200 ஆகிவிட்டது. கண்ணால் பார்த்துச் சரிபார்த்தபோது எனக்கு அது தெரியவில்லை, ஏனென்றால் நான் நோட்டின் நிறத்தைப் பார்த்து அது எங்கே முடிய வேண்டும் என்று முன்பே தெரிந்துகொண்டு அளந்திருந்தேன்.

அப்படியானால் கண்ணைக் கட்டிக்கொண்டு சோதிக்கலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். பயிற்சிப் பட்டறைகளில் இது பெரிதும் விரும்பப்படும் சடங்கு. விளிம்பு பிசிறியிருக்கிறதா, தடுப்பு கையில் படுகிறதா என்பதுபோன்ற முதற்கட்டச் சோதனைக்கு நானும் கண்ணை மூடிக்கொள்வதுண்டு. அதற்குமேல் அது எதையும் சொல்லாது. கண்ணைக் கட்டிய நான் பத்து நிமிடக் குருடன். தாம்பரம் பெஞ்சில் சந்தித்த அந்த அண்ணன் முப்பது ஆண்டு தேர்ச்சியுள்ளவர். பார்வையற்ற உளவியலாளரான ஏரியல் சில்வர்மன் 2015-ல் சக ஆய்வாளர்களோடு வெளியிட்ட ஆய்வில், கண்ணைக் கட்டிக்கொண்டு சில வேலைகளைச் செய்து பார்த்தவர்கள், பார்வையற்றோரால் வேலை செய்யவும் தனித்து வாழவும் இயலும் என்பதை, அப்படிச் செய்து பார்க்காதவர்களைவிடக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். மதிப்புதான் குறைந்தது. அந்த மனநிலையோடு வரைபலகைக்குத் திரும்பும் வடிவமைப்பாளர் செய்யும் பொருள் எப்படி இருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

திரையில் இயங்கும் முன்மாதிரிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. படமாக வரைந்து இணைத்த பக்கங்களை, திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பான் “படம்” என்று மட்டும் சொல்லிவிட்டு மௌனமாகிவிடும். அழகில்லாத, வண்ணமில்லாத, ஆனால் தலைப்பும் பொத்தானும் முறையாகப் பெயரிடப்பட்ட ஒரு வெறும் எச்.டி.எம்.எல். இணையப் பக்கம், அதைவிட ஆயிரம் மடங்கு மேலான முன்மாதிரி.

செவிப்புலன் பக்கம் நான் செய்தது ஒரே ஒரு சிறு வேலை. காது கேளாத ஒரு குடும்பத்தலைவிக்காக, குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் மணிக்கட்டில் அதிரும் ஒரு பட்டை. விசிலைக் கண்டறியும் மின்சுற்று அப்போது எங்களிடம் இல்லை. நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து, விசில் கேட்டதும் பொத்தானை அமுக்குவேன், பட்டை அதிரும். மனிதர் மறைந்திருந்து இயந்திரமாக நடிக்கும் இந்த முறை பழையது. 1980-களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். ஆய்வாளர்கள், பேச்சைக் கேட்டுத் தானே தட்டெழுதும் கருவி எப்படியிருக்கும் என்பதை, மறைவில் ஒரு தட்டச்சரை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். எங்கள் சோதனையில் முதலில் உடைந்தது கருவியல்ல, எங்கள் ஆய்வுமுறை. வேலை செய்துகொண்டே மனத்தில் தோன்றுவதைச் சொல்லச் சொல்வது வழக்கம். சைகைமொழியில் பேசுபவருக்குக் கையே வாய். அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்; ஒவ்வொரு முறையும் துருவலை நிறுத்தி, கையைத் துடைத்துக்கொண்டு, மொழிபெயர்ப்பாளர் பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. திரும்பினால் அடுப்பைப் பார்க்க முடியாது. இரண்டாம் நாள் பேச்சையே விட்டுவிட்டு, வேலை முழுவதையும் படம்பிடித்து, பிறகு அவரோடு உட்கார்ந்து அதை ஓடவிட்டு நிறுத்தி நிறுத்திக் கேட்டோம். பார்வையற்றவர்களிடமும் இதே சிக்கல் வேறு வடிவில் வரும்: திரைவாசிப்பான் பேசிக்கொண்டிருக்கும்போது அவரையும் பேசச் சொன்னால் இரண்டில் ஒன்று காதில் விழாது.

அந்தப் படப்பதிவில்தான் தெரிந்தது, மிக்ஸி ஓடும்போது அவர் கை அதன் மூடியின் மேல் இருந்தது என்பது. மிக்ஸியின் அதிர்வில் பட்டையின் அதிர்வு மூழ்கிவிட்டது. மணிக்கட்டிலிருந்து மேற்கைக்குப் பட்டை நகர்ந்தது. விசில் எண்ணிக்கையைப் பற்றி அவர் சொன்னது வேறு: அடுக்களையில் இருக்கும்வரை குண்டு தூக்குவதும் ஆவி பீறிடுவதும் கண்ணுக்கே தெரிகின்றன, வாசலில் தண்ணீர் லாரி வந்து நிற்கும்போது உள்ளே எத்தனையாவது விசில் என்பதுதான் கேள்வி. பட்டை அவ்வளவு தூரம் எட்ட வேண்டும்.

மறைந்திருந்து நடிக்கும் முறையில் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. பார்க்கிறவரிடம் அதைச் செய்ய ஒரு திரையோ சுவரோ வேண்டும். அந்தச் சிரமமே ஒரு நேர்மை. பார்வையற்றவர் முன் நான் மூச்சை அடக்கிக்கொண்டு எதிரிலேயே நின்றால் போதும். காது கேளாதவர் முதுகுக்குப் பின்னால் நானும் என் சகாவும் “இப்ப அமுக்கு” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளலாம். ஒருவருக்கு இல்லாத புலனை நமக்குச் சாதகமாகப் பயன்படுத்துவது அது. ஆகவே நாங்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டோம்: பக்கத்து அறையில் நான்தான் அமுக்குகிறேன், இயந்திரம் இன்னும் இல்லை. முடிவுகளின் தூய்மை கெடும் என்று ஒரு நண்பர் வாதிட்டார். கெட்டிருக்கலாம். அந்த அம்மா அதற்குப் பிறகு என்னை ‘குக்கர்’ என்று பொருள்படும் சைகையால் அழைத்தார், அதுவரை எனக்குச் சைகைப் பெயர் இல்லை.

முன்மாதிரி எப்போது கருவியாகிறது என்பது இன்னொரு கேள்வி. டெல்லி ஐ.ஐ.டி.யில் 2005 வாக்கில் மாணவர் திட்டமாகத் தொடங்கிய ஸ்மார்ட்கேன், சாதாரண மடக்குக் கோலின் கைப்பிடியில் பொருத்தும் மீயொலிக் கருவி. தரையைத் தட்டும் கோலுக்கு அகப்படாத, முழங்காலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தடைகளைச் சுமார் 3 மீட்டருக்குள் கண்டு அதிர்வால் சொல்வது. சாலையைக் கேட்டு நடக்கும் காதை அது தொந்தரவு செய்வதில்லை. சென்னையின் பீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் தயாரிக்க, அது 2014-ல் மக்கள் கைக்கு வந்தது. ஒன்பது ஆண்டுகள். அந்தக் காலம் நீண்டது என்று முன்பு நினைத்திருந்தேன். ஒரு பிளாஸ்டிக் துண்டை நானே கொடுத்துத் திரும்ப வாங்கிய பிறகு அப்படி நினைப்பதில்லை. சோதனைக்கு என்று கொடுத்த பொருளை ஒருவர் இரண்டு வாரம் நம்பிப் பழகியபின் திரும்பக் கேட்பது சங்கடமானது. தவறாகச் சொல்லும் பொருளை அவரிடமே விட்டுவைப்பது அதைவிட மோசம், 500-ஐ 200 என்று சொன்ன என் தகட்டைப் போல. அதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். சரிசெய்த தகட்டை, திரும்பக் கேட்கமாட்டேன் என்று சொல்லியே கொடுத்தேன்.

மூன்று மாதம் கழித்து அதே பெஞ்சில் அந்த அண்ணனைச் சந்தித்தேன். ரயிலில் அதை எடுப்பதேயில்லை என்றார். ஒரு நிலையத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் நாலு பேருக்கு விற்க வேண்டிய நேரத்தில் நோட்டைச் சுற்றி அளந்துகொண்டிருக்க முடியாது, அங்கே பழைய முறைதான். இரவு வீட்டில், பைகளைக் காலிசெய்து அடுக்கும்போது, பகலில் யார் தவறாகச் சொன்னார்கள் என்பது தெரிகிறதாம். சட்டைப்பையிலிருந்து சீப்போடு சேர்த்து அதை எடுத்துக் காட்டினார். எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. நான் 66 மி.மீ. அகலத்தில் வெட்டியிருந்த தகடு இரண்டு விரல் அகலத்துக்கு ஒடுங்கியிருந்தது. நோட்டின் நீளத்தை அளக்க ஒரு விளிம்பு போதும். முழு அகலத்துக்கும் தகடு எதற்கு? பார்க்க நோட்டைப் போல இருந்தால்தான் சரியாக இருக்கும் என்று, யோசிக்காமலேயே நான் வரைந்த அகலம் அது. பைக்குள் சீப்பு இடிக்கிறது என்று அவர் இரும்புக்கடையில் கொடுத்து அறுத்துவாங்கியிருந்தார். அறுத்த பக்கத்தை வருடிப் பார்த்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார். எங்கும் ஒரு பிசிறு இல்லை.